சிலந்தி சொன்ன கணக்கு

அன்புள்ள ஐயா,

ஒன்பது வயது மகளுக்கு ‘சார்லட்ஸ் வெப்’ நாவலை இரவு தோறும் வாசித்துக் காட்டினேன். சார்லட் என்ற சிலந்தி இறக்கும் இடத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். என் தோழி கேட்கிறாள்: “இயற்கையைக் காப்பது பற்றி நேராகவே சொல்லித்தருகிற புத்தகங்கள் இருக்கும்போது, பேசும் பன்றிக்குட்டிக் கதை எதற்கு?” எனக்குப் பதில் தெரியவில்லை. பழைய சிறார் இலக்கியத்தில் சூழலியல் உண்மையிலேயே உண்டா, நாம்தான் ஏற்றிப் படிக்கிறோமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உண்டு. உங்கள் மகள் அழுத புத்தகத்திலேயே இருக்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பன்றிக்குட்டி வில்பரின் கண்ணெதிரே சார்லட் ஒரு ஈயைச் சுற்றிக் கட்டுகிறாள். ரத்தத்தைக் குடிப்பேன் என்கிறாள். வில்பர் பதறிப்போகிறது. அவள் மழுப்பவில்லை. அம்மாவும் இப்படித்தான், பாட்டியும் இப்படித்தான் என்கிறாள். நான் பூச்சிகளைப் பிடித்துத் தின்னாவிட்டால் அவை பெருகி உலகத்தையே அழித்துவிடும் என்று கணக்கும் சொல்கிறாள். இது 1952இல் வந்த நாவல். பூச்சிக்கொல்லிகள் பற்றிய ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ வெளிவர இன்னும் பத்து வருடம் இருந்தது.

இந்தத் தெளிவு நாவலை எழுதிய இ. பி. ஒயிட்டுக்கு எங்கிருந்து வந்தது? பார்த்ததிலிருந்து. தன் பண்ணையில் கொட்டகைக் கூரையடியில் ஒரு சிலந்தி கட்டிய முட்டைப்பையை பிளேடால் அறுத்தெடுத்து, சிலந்தியோடு ஒரு மிட்டாய்ப் பெட்டியில் போட்டு நகரத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். சில வாரம் கழித்து, மூடியில் அவர் போட்டிருந்த துளைகள் வழியே குஞ்சுகள் வெளியே வந்தன. சீப்பிலிருந்து பிரஷ்ஷுக்கு, பிரஷ்ஷிலிருந்து கண்ணாடிக்கு, அங்கிருந்து நகவெட்டும் கத்தரிக்கு நூல் கட்டின. கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாத அளவு சிறியவை. அவரும் ஓரிரு வாரம் அவற்றைக் கலைக்காமல் கூடவே வாழ்ந்தார். அப்புறம் சிலந்திகளைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்தார். சார்லட்டின் பெயரோடு வரும் ‘கவாட்டிகா’ கூட ஒரு சிலந்தியினத்தின் அறிவியல் பெயர்தான்.

அதனால்தான் அந்த மரணம் நம்மைக் கலங்கடிக்கிறது. அழவைப்பதற்காகச் செருகிய திருப்பம் இல்லை அது. இந்தச் சிலந்தி இலையுதிர் காலத்தில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். கதைக்காக ஒயிட் அதை மாற்றவில்லை.

உங்கள் தோழி சொல்லும் வகையிலும் நல்ல புத்தகம் உண்டு. டாக்டர் சூஸின் ‘லோராக்ஸ்’, 1971. அதில் காட்டை அழித்தவனே தன் வாயால் கதையைச் சொல்கிறான். கடைசி விதையைச் சிறுவனிடம் கொடுத்துவிடுகிறான். அந்த வாக்குமூலம்தான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. மரங்களுக்காகப் பேசும் லோராக்ஸின் கண்டிப்பு அந்த அளவுக்கு இல்லை. முதலில் அதில், அமெரிக்க-கனடா எல்லையிலுள்ள ஈரி ஏரியும் இப்படித்தான் கெட்டுக் கிடக்கிறது என்றொரு வரி இருந்தது. ஏரி தேறி வருகிறது என்று ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னபோது, பிந்தைய பதிப்புகளில் சூஸ் அதை நீக்கினார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பிரிட்டிஷ் பேரரசை ஆதரித்த எழுத்தாளர் கிப்ளிங்கின் அரசியலோடு எனக்கு உடன்பாடே கிடையாது. ஆனாலும் 1895இல் வந்த இரண்டாம் ‘ஜங்கிள் புக்’கின் முதல் கதையை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். மழை பொய்த்து, ஆறு வற்றி, நடுவில் ஒரு பாறை வெளியே தெரிகிறது. உடனே ஹாத்தி என்ற யானை தும்பிக்கையைத் தூக்கி ‘தண்ணீர்ச் சமாதானம்’ அறிவிக்கிறது. நீர் குடிக்கும் இடத்தில் எந்த மிருகமும் வேட்டையாடக் கூடாது. மானும் புலியும் ஒரே ஆற்றில் வாய்வைக்கின்றன.

ஒன்று கேட்க வேண்டும். மகள் அழுதாள் என்று அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டீர்களா? இன்னும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. சார்லட்டின் 514 முட்டைகளும் வசந்தத்தில் பொரிகின்றன. குஞ்சுகள் நூல்விட்டுக் காற்றில் மிதந்து போய்விடுகின்றன. வில்பர் அழுது ஓய்ந்த பிறகு வாசலின் மேற்பக்கமிருந்து மெல்லிய குரல் கேட்கிறது. மூன்று குஞ்சுகள் மட்டும் போகாமல் தங்கியிருக்கின்றன. இன்று இரவு அதை வாசித்துக் காட்டுங்கள்.