எட்டு வொர்க்கர் போட்டும் ஏன் ஸ்லோ?

வணக்கம் அண்ணா, எங்க ஊர் நூலகத்துல கிடந்த பழைய பத்திரிகைகளை ஸ்கேன் பண்ணி டெசராக்ட்ங்கிற புரோகிராம்ல தமிழ் ஓசிஆர் (படத்துல இருக்கிற எழுத்தை டெக்ஸ்ட்டா மாத்துறது) ஓட்டிட்டு இருக்கேன், பைத்தான்ல அதைக் கூப்பிடுற பைடெசராக்ட் வழியா. சீக்கிரம் முடியட்டும்னு மல்டிபிராசஸிங் பூல்ல (வேலையைப் பல பிராசஸுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறது) எட்டு வொர்க்கர் போட்டேன். லேப்டாப் நாலு கோர். சிபியு நூறு பர்சன்ட் காட்டுது, ஆனா ஒவ்வொரு பக்கமா ஓட்டினதை விட லேட்டாத்தான் முடியுது. ஒரு பக்கத்துல எரர் வந்தா மொத்தமும் நின்னுடுது. ஜிஐஎல் தான் காரணம்னு நண்பர் சொல்றார். மெஷினை மாத்தணுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மெஷினை மாத்த வேண்டாம், ஜிஐஎல் மேலயும் தப்பு இல்ல. ஒரு பிராசஸுக்குள்ள (ஓடிட்டிருக்கிற ஒரு புரோகிராம்) ஒரு நேரத்துல ஒரு த்ரெட் (அதுக்குள்ள ஓடுற ஒரு வேலை இழை) தான் பைத்தான் கோடை ஓட்டலாம்னு தடுக்கிற பூட்டு அது. உங்க வொர்க்கர் எட்டும் தனித்தனி பிராசஸ், ஒண்ணோட பூட்டு இன்னொண்ணைத் தொடவே தொடாது. அதுவும் போக பைடெசராக்ட் பண்றதெல்லாம் ஒவ்வொரு பக்கத்துக்கும் டெசராக்ட் புரோகிராமைத் தனியா கிளப்பி விட்டுட்டு அது முடியிற வரைக்கும் காத்திருக்கிறது தான், காத்திருக்கிற நேரத்துல ஜிஐஎல்லை விட்டுடும், அதனால உங்களுக்கு சாதாரண த்ரெட் பூலே போதும். 2024ல பைத்தான் 3.13ல ஜிஐஎல் இல்லாத பில்டு ஒண்ணு சோதனைக்கு விட்டாங்க, அதுக்கு மாறினாலும் இந்த வேலைல ஒரு வித்தியாசமும் தெரியாது.

சிக்கல் டெசராக்ட் உள்ள இருக்கு. 2018ல வந்த நாலாவது வெர்ஷன்ல எல்எஸ்டிஎம்ங்கிற நியூரல் நெட்வொர்க் இன்ஜின் வந்துச்சு, அதுல இருந்து ஒரே ஒரு பக்கத்தைப் படிக்கவே அது ஓபன்எம்பி (ஒரு வேலையைப் பல த்ரெட்டாப் பிரிக்கிற வசதி) வச்சு நாலு த்ரெட் வரைக்கும் தானே போட்டுக்கும். எட்டு வொர்க்கர், ஆளுக்கு நாலு த்ரெட், ஆக 32 த்ரெட் நாலு கோருக்கு அடிச்சுக்குது. இதுல இன்னொரு விஷயம், ஓபன்எம்பி த்ரெட் தன் பங்கை முடிச்சிட்டு மத்ததுக்காகக் காத்திருக்கிறப்போ உடனே தூங்கப் போகாது, கொஞ்ச நேரம் சும்மா சுத்திக்கிட்டே சிபியுவைத் தின்னும். அந்த நூறு பர்சன்ட்ல நிறைய இந்த வெட்டிச் சுத்தல் தான். அதனால சிபியு மீட்டரை நம்பாதீங்க, நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் முடியுதுன்னு மட்டும் எண்ணுங்க.

தீர்வு ஒரே வரி. ஸ்கிரிப்டை ஓட்டுறதுக்கு முன்னாடி ஓஎம்பி_த்ரெட்_லிமிட் (OMP_THREAD_LIMIT)ங்கிற என்விரான்மென்ட் வேரியபிளை 1னு செட் பண்ணுங்க, கிளம்புற ஒவ்வொரு டெசராக்ட்டும் அதை அப்படியே எடுத்துக்கும். பல பக்கங்களை ஒரே நேரத்துல (பேரலலா) ஓட்டுங்க, ஒரு பக்கத்துக்குள்ள அப்படிப் பிரிக்க வேண்டாம். ஏன்னா பக்கம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாதது, எதுவும் எதுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்ல, பேரலலா ஓட்ட இதை விடத் தோதான வேலை கிடைக்காது. வொர்க்கரை நாலாக் குறைச்சு ஆரம்பிங்க, அப்புறம் அஞ்சு ஆறுன்னு ஏத்திப் பாருங்க, எங்க வேகம் ஏறாம நிக்குதோ அங்கயே விட்டுடுங்க. பிராசஸ் பூலையே வச்சுக்கிட்டா, வொர்க்கருக்கு இமேஜைத் தூக்கிக் கொடுக்காம ஃபைல் பேரை மட்டும் கொடுங்க, இல்லன்னா ஒவ்வொரு பக்கமும் பிக்கிள் ஆகி (அனுப்புறதுக்காக பைட்டுகளா மாறி) ஒரு பிராசஸ்ல இருந்து இன்னொண்ணுக்கு காப்பி ஆகும், ராம் தான் காலியாகும்.

எரர் விஷயம் தான் எனக்கு இன்னும் முக்கியமாப் படுது, ஏன்னா இந்த மாதிரிப் பத்திரிகைக்கு வேற பிரதி எங்கயும் இல்லாமக்கூட இருக்கலாம், ஒரு பக்கம் சத்தமில்லாம விட்டுப்போனா யாருக்கும் தெரியாது. பூலோட மேப் ஃபங்ஷன்ல (எல்லா பக்கத்தையும் வொர்க்கர்களுக்குக் கொடுத்து ரிசல்ட்டை மொத்தமா வாங்குறது) ஒரு பக்கம் எரர் வீசினா அந்த எரர் தான் உங்க கைக்கு வரும், நல்லா முடிஞ்ச பக்கங்களோட ரிசல்ட்டும் சேர்ந்து போயிடும். அதனால எரரைப் பிடிக்கிற ட்ரை எக்ஸெப்டை வொர்க்கர் ஃபங்ஷனுக்கு உள்ளயே போடுங்க, எரர் வந்தா பக்கத்தோட பேரையும் எரரையும் ரிட்டர்ன் பண்ணட்டும். ஒவ்வொரு பக்கத்தோட டெக்ஸ்ட்டையும் வொர்க்கரே தனி ஃபைலா அதே ஃபோல்டர்ல ஒரு தற்காலிகப் பேர்ல எழுதி முடிச்சிட்டு கடைசில சரியான பேருக்கு ரீநேம் பண்ணட்டும், அப்போ நடுவுல புரோகிராம் நின்னாலும் பாதி எழுதின ஃபைல் முழுசு மாதிரி நிக்காது. மறுபடி ஓட்டுறப்போ ஃபைல் இருக்கிற பக்கத்தைத் தாண்டிப் போயிடலாம். முடிஞ்சதும் இமேஜ் எண்ணிக்கையும் டெக்ஸ்ட் எண்ணிக்கையும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, போகலன்னா எரர் லிஸ்ட்டை எனக்கு அனுப்புங்க, சேர்ந்து பார்ப்போம்.