சிங்கப்பூரை ஒரு கடற்கரை ஊராகப் படம் எடுக்க எங்கே போகலாம்?

மெர்லயன், மரீனா பே படங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, சிங்கப்பூரின் கடலை எடுக்க வேண்டும், எங்கே போகலாம், என்ன லென்ஸ் கொண்டுவரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். கல்யாணம், காதுகுத்துக்குப் படம் எடுப்பதுதான் தொழில். வேலை இல்லாத காலைப் பொழுதெல்லாம் கடலோரத்தில்தான் கழிகிறது.

நீங்கள் பார்த்து அலுத்த அந்தப் படங்களில் இருப்பது கடல் நீரே இல்லை. விரிகுடாவின் வாயில் 350 மீட்டர் அகலத்துக்கு அணை கட்டி, 2008-ல் திறந்து, உள்ளே இருந்ததை நன்னீர்த் தேக்கமாக மாற்றிவிட்டார்கள். கடலின் ஏற்றமும் வற்றமும் அங்கே கிடையாது. எங்கள் குடிநீரில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வருகிறது. ஆகவே முதல் மாலை நேராக அந்த மரீனா அணைக்கட்டுக்கே போங்கள். அதன் கூரை முழுக்கப் புல்தரை, பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் திரும்பினால் கோபுரக் கட்டடங்கள், மறுபக்கம் திரும்பினால் நங்கூரம் போட்டு வரிசையாக நிற்கும் கப்பல்கள். கனமழை பெய்து, கடலும் வற்றியிருந்தால் மதகுகளை இறக்கித் தேக்கத்து நீரைக் கடலுக்குள் விடுவார்கள். அந்த நேரம் வாய்த்தால் நனைந்தாலும் பரவாயில்லை, விடாதீர்கள்.

அடுத்து நான் அனுப்புவது தெலுக் ஆயர் தெருவுக்கு. அங்கே போய் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடல் அந்தத் தெருவோரம் வரை வந்தது. 1879-ல் தொடங்கி எட்டு வருடம் மண் கொட்டி அதைத் தள்ளி வைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. நாலு வீடு தள்ளி, கடல் தாயாகக் கும்பிடும் மாசு என்ற தெய்வத்துக்குச் சீனர்கள் எழுப்பிய தியான் ஹாக் கெங் கோயில். இன்னும் கொஞ்சம் நடந்தால் அல்-அப்ரார் பள்ளிவாசல். அந்தக் காலத்துத் தமிழர்களுக்கு அது குச்சுப் பள்ளி. மூன்றும் தெருவின் ஒரே பக்கத்தில், கடலைப் பார்த்தபடி கட்டப்பட்டவை. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் முதலில் வந்து நன்றி சொன்ன இடங்கள்.

எங்கள் பாட்டி நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்தவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு கதை இருக்கும். பாட்டி நெற்றி நிறைய விபூதி பூசுகிறவர். ஆனாலும் அந்தத் தர்காவைத் தாண்டும்போதெல்லாம் நின்று, "நாகூர் ஆண்டவரே" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இது புரியும். நான் அந்தத் தெருவை எத்தனை முறை எடுத்தாலும் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொண்டு எடுக்கிறேன்.

அங்கே வெளிச்சம் ஒரு தனி ரகம். எதிரே உயரக் கட்டடங்கள் மறைப்பதால் காலையில் தெரு நிழலாகவே கிடக்கும். பிறகு சூரியன் மேலேறி எங்கோ ஒரு கண்ணாடிச் சுவரில் பட்டு, அங்கிருந்து திரும்பி, தர்காவின் மினாராவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு வெளிச்சத் துண்டு விழும். அது மெல்ல நகர்ந்து சுவரில் இறங்கும்போது, சல்லடை போல ஓட்டை வைத்த கைப்பிடிச் சுவரின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அவசரப்படாமல் எதிர்ப்பக்க நடைபாதையில் காத்திருங்கள்.

கடல் தள்ளிப்போன கதை அந்தத் தெருவோடு முடியவில்லை. அறுபதுகளில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730-ஐத் தாண்டிவிட்டது. ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நீங்கள் நடக்கும் மணல்கூட அப்படி நிரப்பியதுதான். வாழ இடம் வேண்டுமே, அதனால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நிரப்பாமல் விட்ட ஓர் ஓரத்தை உங்களுக்குக் காட்டியே ஆக வேண்டும்.

அது புலாவ் உபின் தீவில் உள்ள செக் ஜாவா. அதையும் நிரப்பத் திட்டம் இருந்தது. 2001-ல் இயற்கை ஆர்வலர்களும் தொண்டூழியர்களும் அங்குள்ள உயிர்களைக் கணக்கெடுத்துக் காட்டினார்கள், பொதுமக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள், அரசாங்கமும் திட்டத்தைத் தள்ளிவைத்தது. சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பம்போட் என்கிற சிறு படகில் ஏறினால் பத்து, பதினைந்து நிமிடம். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். தீவில் இறங்கி வாடகை சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். செக் ஜாவா காலை 8.30-க்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். அதற்குள் கடல் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்துப் போவது முக்கியம். கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது, நீர்மட்டம் அரை மீட்டருக்குக் கீழே காட்டும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்தில் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள்.

வற்றத்தில் கடற்புல் வெளி பச்சையாகத் தலைகாட்டும். அலையாத்திக் காட்டுப் பக்கம் சேற்றில் ஃபிட்லர் நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பை மிஞ்சிப் பெரிதாக இருக்கும், அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். உங்கள் நிழல் விழுந்தால் போதும், அத்தனையும் வளைக்குள் போய்விடும். நடைபாதைக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி அசையாமல் நில்லுங்கள். முதலில் இரண்டு கண் தண்டுகள் மட்டும் வளைக்கு மேலே வரும். பிறகு ஒரு நண்டு, பக்கத்தில் இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் சேறு முழுக்க அசையும். 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் கொடுக்கில் ஒட்டிய மண் துகள்கூடத் தெரியும்.

மாலைக்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கடலுக்குள் நீளும் பிடோக் ஜெட்டி நல்லது. தூண்டில் போடுகிறவர்கள் இரவு முழுக்க இருப்பார்கள். ஒருமுறை கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர், "தம்பி, தூணைப் பாருங்க, ஈரம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்குன்னு தெரியுதா? இன்னும் வத்தும்" என்றார். அன்றிலிருந்து அங்கே போனால் நான் முதலில் பார்ப்பது தூண்களைத்தான். ஆட்களை எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், இங்கே பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேளிக்கைத் தீவான சென்டோசாவுக்குக் குடும்பத்தோடு போங்கள், படத்துக்காகப் போக வேண்டாம்.

லென்ஸ் விஷயம்: 24-70 ஒன்று, 70-300 ஒன்று போதும். பூமத்திய ரேகை அருகில் இருப்பதால் சூரியன் நெட்டுக்குத்தாக இறங்கும், ஏழு மணிவாக்கில் மறைந்தால் அந்தி சட்டென்று முடிந்துவிடும், அதனால் முக்காலியை முன்பே நிறுத்தி வையுங்கள். ஏசி அறையில் இருந்த கேமராவை அப்படியே வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையைத் திறக்காமல் ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். ட்ரோன் கொண்டுவந்தால் 250 கிராமுக்கு மேல் உள்ளதற்குப் பதிவு கட்டாயம். சாங்கி, உபின் பக்கம் விமான நிலையம் அருகில் என்பதால் அங்கே அதை வெளியே எடுக்கவே வேண்டாம்.