'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தில் ஈவா ஸ்மித்தின் சாவுக்கு யார் அதிகப் பொறுப்பு?

பரீட்சைக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் என் மகளும் ஜிசிஎஸ்இ என்ற பள்ளித் தேர்வுக்கு இதைத்தான் படித்தாள். ஏழைத் தொழிலாளிப் பெண் ஈவா தற்கொலை செய்துகொள்ள, அதை விசாரிக்க இன்ஸ்பெக்டர் கூல் பர்லிங் என்ற பணக்காரர் வீட்டுக்கு வருகிற கதை. வாரம் 22 ஷில்லிங் 6 பென்ஸை 25 ஷில்லிங் ஆக்கச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தவளை வெளியே அனுப்பிய ஆலை முதலாளி பர்லிங், கடையில் புகார் சொன்ன அவர் மகள் ஷீலா, சில மாதம் வைத்திருந்து விலகிய ஷீலாவின் வருங்காலக் கணவன் ஜெரால்டு, குடிபோதையில் வந்து பிள்ளையைக் கொடுத்த மகன் எரிக், உதவி கேட்டு வந்தவளை விரட்டிய திருமதி பர்லிங். ஐந்து பேருக்கும் பங்கு உண்டு என்று எழுதுங்கள், மதிப்பெண் வந்துவிடும்.

என் மகள் ஆறாவதாக ஓர் ஆளைச் சேர்த்தாள். டீச்சர் அதைச் சுழித்து, 'ஐந்து பேரோடு நிறுத்து' என்று எழுதியிருந்தார். புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுகிற பரீட்சை என்பதால் பிள்ளைகள் அட்டை அட்டையாக மேற்கோளை மனப்பாடம் செய்கிறார்கள். சொந்தமாக ஒன்று தோன்றினால் அதற்குச் சுழி. இதற்கு எதற்கு இலக்கியப் பாடம்? சரி, அதை விடுங்கள்.

அந்த ஆறாவது ஆள், ஈவா அடுத்து வேலைக்குச் சேர்ந்த மில்வர்ட்ஸ் கடை மேனேஜர். ஷீலா ஆசைப்பட்டுப் போட்ட உடை அவளுக்கு எடுப்பாக இல்லை. ஈவா கடையில் வேலை செய்யும் இன்னொரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தது கண்ணாடியில் தெரிகிறது. 'இவளை அனுப்பாவிட்டால் இனி வரமாட்டேன், அம்மாவிடம் சொல்லி உங்கள் கடைக் கணக்கையும் மூடவைப்பேன்' என்று ஷீலா மேனேஜரிடம் மிரட்டுகிறாள். அவர் அனுப்பிவிடுகிறார். இன்ஸ்பெக்டர் கூல் அவரை ஒரு கேள்வி கேட்பதாக நாடகத்தில் இல்லை. மேடைக்கே அவர் வருவதில்லை. பர்லிங் ஆலை ஃபோர்மேனும் அப்படித்தான். ஈவாவுக்குப் பதவி உயர்வு தரலாம் என்று சொன்ன மனிதர், அவளை அனுப்பும்போது வாய் திறந்ததாக ஒரு வரி கிடையாது.

அந்த மேனேஜர் வேலையை நான் பார்த்திருக்கிறேன். மகள் கைக்குழந்தையாக இருந்த சமயம், இங்கேயே ஒரு துணிக்கடையில் சூப்பர்வைசர். ரோட்டா, அதாவது யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியல், போடுவது நான். வாராவாரம் வருகிற ஒரு அம்மா, கல்லாவில் இருந்த பெண் தன்னைப் பார்த்து நக்கலாகச் சிரித்ததாகச் சத்தம் போட்டார். அவள் சிரித்தது என்னைப் பார்த்து. பில் ரோல் சிக்கி, பக்கத்து மெஷினோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. 'மேடம், உங்களைப் பார்த்து இல்லை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டு, 'கவனித்துக்கொள்கிறேன்' என்றேன்.

எனக்கு மேலே இருந்தவரும் 'பார்த்துக்கொள்' என்று மட்டும்தான் சொன்னார். வேலையைவிட்டு எடு என்று யாரும் சொல்லவில்லை. அவள் ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தத்தில், அதாவது வாரம் இத்தனை மணி நேரம் வேலை என்ற உத்தரவாதம் இல்லாமல், இருந்த பெண். எடுக்கத் தேவையே இல்லை, ஷிஃப்ட் போடாமல் இருந்தால் போதும். மூன்று நாளாக இருந்தது அடுத்த வாரம் ஒரு நாள் ஆனது, அதற்கடுத்த வாரம் ஒன்றுமில்லை. மில்வர்ட்ஸ் மேனேஜராவது 1911இல் 'போ' என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார். எனக்கு அந்தச் சங்கடமும் இல்லை.

உடனே கமென்ட்டில் வந்து 'அப்போ நீயும் கொலைகாரன்' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பெண் நல்ல வேலைக்கே போயிருக்கலாம். எனக்கும் வாடகை இருந்தது. நான் மறுத்திருந்தால் ரோட்டாவை வேறு யாராவது போட்டிருப்பார்கள். இதையெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

'அடுத்த வாரம் ஷிஃப்ட் இருக்கிறதா?' என்று மூன்று முறை மெசேஜ் அனுப்பினாள். முதல் இரண்டுக்கு 'பார்த்துச் சொல்கிறேன்' என்று பதில் போட்டேன்.