கிணற்றிலிருந்து 48 லிங்க்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை படித்து முடித்து, இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு மூத்த சேர்வேயரிடம் வேலை பழகுகிறேன். அமெரிக்காவில் நில அளவையாளர்களும் வரைபடத் துறையினரும் வருடா வருடம் வாஷிங்டன் போய், மக்கள் பிரதிநிதிகளைச் சந்தித்துத் தங்கள் துறைச் சட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வாசித்தேன். நாங்களும் அப்படிச் செய்யலாமே என்று மூத்தவர்களிடம் கேட்டேன். "சேர்வேயருக்கு என்ன அரசியல்? அளந்து கல்லைப் போட்டிட்டு வா" என்றார்கள். யார் பக்கமும் நிற்காததால்தான் ஊர் எங்களை நம்புகிறது, பேசப் போனால் அது கெட்டுவிடும் என்கிறார்கள். உங்கள் எண்ணம் என்ன?

க., சாவகச்சேரி

அன்பின் தம்பிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும், மயிலிட்டியில் எங்கள் காணியை அளக்க வந்த பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

1990 ஆனியில் போருக்குள் விட்டு ஓடிய வளவு அது. 27 வருடம் கழித்துப் போய் மிதித்தபோது வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் இல்லை. எல்லாவற்றையும் இடித்துத் தள்ளி ஒரே வெளியாக்கி இருந்தார்கள். கிளுவங் கதியாலையும் இரண்டு பனையையும் வைத்து எல்லை சொல்லிப் பழகிய எங்களுக்கு, எங்கே நிற்கிறோம் என்றே பிடிபடவில்லை. கையில் இருந்தது அப்பா பெட்டிக்குள் காப்பாற்றி வைத்த பழைய பிளான் ஒன்று. பெரியவர் அதை விரித்துப் பார்த்தார். கருவியை வாகனத்திலிருந்து இறக்கவே இல்லை. "தம்பி, கிணறு எங்க?" என்றுதான் கேட்டார்.

கிணறு தூர்ந்து கிடந்தது. பற்றையை வெட்டி அரை நாள் தோண்டியதில் கட்டின் விளிம்பு தெரிந்தது. பிளானில் கிணற்றுக்கும் வடகிழக்கு மூலைக்கும் இடையே 48 லிங்க் என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. சேர்வேயரின் அளவைச் சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். ஆகவே 31 அடி 8 அங்குலம். நாடாவை இழுத்து, திசை பார்த்து, ஓரிடத்தில் காலால் ஒரு கோடு போட்டார். உதவிக்கு வந்த பொடியன் அலவாங்கால் குத்தினான். ஒரு முழ ஆழத்தில் 'டங்' என்று கேட்டது. எல்லை இரண்டடி தள்ளி என்று காலையிலிருந்து வாதாடிக்கொண்டு நின்ற அயல் வளவு அண்ணை குனிந்து, கல்லின் மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கையாலே துடைத்தார். "இது எங்கட அப்பு நிக்கேக்க போட்ட கல்லு" என்றார். அதோடு வழக்கு முடிந்தது.

"வேலி நகரும், மரம் விழும். கிணத்தை ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகமாட்டினம்" என்றார் பெரியவர்.

அந்த அண்ணைக்கும் எனக்கும் நடுவே அவர் யார் பக்கமும் சாயவில்லை. உங்கள் மூத்தவர்கள் சொல்லும் நடுநிலை அதுதான், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் காணி பற்றிக் கொழும்பில் ஒரு விதி எழுதப்படும்போது, கிணற்றைத் தேடத் தெரிந்த ஒருவர் வாய் திறக்காமல் இருப்பதை நடுநிலை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2025 பங்குனி 28இல் வந்த வர்த்தமானியை எடுங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர். 3 மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். அதில் 3,600 ஏக்கருக்கு மேல் யாழ்ப்பாண மாவட்டத்தில். 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற எங்கள் கணக்கில் அது 57,000 பரப்பைத் தாண்டும். காணி உறுதிகளை 1995 இடப்பெயர்வில் தொலைத்தவர்கள், பிள்ளைகள் கனடாவில் இருப்பவர்கள், தாத்தா பெயரில் பிரிக்காமல் கிடக்கும் பங்குகள். அந்த ஆனியிலேயே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நல்லது. சட்டத்தரணிகள் உரிமையைப் பேசினார்கள். ஆனால் ஒரு துண்டை அளந்து பிளான் கீற எத்தனை நாள், வடக்கில் அனுமதியோடு வேலை செய்யும் சேர்வேயர் எத்தனை பேர், அப்படியென்றால் 3 மாதத்தில் எத்தனை துண்டு முடியும் என்ற கணக்கைச் சொல்ல உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? வர்த்தமானி வருவதற்கு முன்பே அந்தக் கணக்கு அமைச்சின் மேசையில் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்து நில அளவான லாச்சத்தை எடுங்கள். வரகு விதைப்புக் கணக்கில் 16 லாச்சம் ஓர் ஏக்கர், நெல் விதைப்புக் கணக்கில் 24. பேர்ச்சில் சொன்னால் ஓர் ஏக்கர் 160. உறுதியில் வெறுமனே '4 லாச்சம்' என்றிருந்தால் அது 40 பேர்ச்சா, 26 பேர்ச்சும் சொச்சமுமா? தெற்கிலிருந்து படிவம் தயாரிப்பவருக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் காணியைத் துண்டு இலக்கத்தால் அடையாளம் காண்கிறது. எங்கள் உறுதிகளோ 'வடக்கு ஒழுங்கை, தெற்கு இன்னாருடைய காணி' என்று அயலவன் பெயரால் எல்லை சொல்பவை. இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு குழி நிலம் தவறினாலும் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுவிடும். அதை முன்கூட்டிச் சொல்வது அரசியல் என்றால், அந்த அரசியல் தேவை.

அமெரிக்க உதாரணம் கேட்டீர்கள். அதில் படிக்க இரண்டு பாடம் இருக்கிறது. 1972இல் வந்த புரூக்ஸ் சட்டம், மத்திய அரசு பொறியியல், கட்டடக்கலை வேலைகளைக் குறைந்த விலைக்குக் கொடுக்காமல் தகுதி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றது. நில அளவையும் வரைபட வேலையும் பின்னர் அதற்குள் வந்தன. அது நியாயம், மலிவான அளவை பிறகு நீதிமன்றச் செலவாகத்தான் திரும்பும். ஆனால் 2017இல் புவியியல் தரவுச் சட்டமூலம் வந்தபோது, அதே முறையை எல்லா வரைபடத் தரவுக்கும் விரித்தால் நாங்கள் வெளியே தள்ளப்படுவோம் என்று புவியியலாளர்கள் எதிர்த்தார்கள். 2018இல் அந்தப் பகுதி இல்லாமல்தான் சட்டம் நிறைவேறியது. ஆகவே நீங்கள் பேசப் போகும்போது கட்டணத்தையும் தொழில் வேலியையும் மட்டும் கொண்டு போகாதீர்கள். எங்களுக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் ஒரு சபையைத் தந்திருக்கிறது, யார் அளக்கலாம் என்பதை அது பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் காணிக்காரனின் கல்லைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கஷ்டமானது. எங்கள் ஊர்களில் 'அளக்க வந்திட்டாங்கள்' என்றால் சனம் ஒழுங்கை வாசலில் திரண்டு மறிக்கும். 2013 சித்திரையில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்றார்கள். உரிமையாளரோ சில கட்டை தூரத்தில் முகாம்களில் இருந்தார்கள். 2,000 பேருக்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றம் போய்த் தங்களைக் காட்ட வேண்டி வந்தது. அளவைக் கருவியின் முக்காலியைக் கண்டாலே மனிசர் பதறுவது இதனால்தான். ஜீப்பில் வரும் அரச நில அளவையாளர் உத்தரவை மறுக்க முடியாது, அவரும் ஒரு பிள்ளைகுட்டிக்காரர். ஆனால் உங்கள் சங்கம் பேசலாம்: காணிக்காரனைக் கண்டு, அவன் கையில் அறிவித்தலைக் கொடுத்த பிறகுதான் முக்காலி இறங்க வேண்டும் என்று கேட்கலாம். அதைக் கேட்டால் ஊரின் நம்பிக்கை கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கே தொடங்குவது என்றால், அளக்கும் இடத்திலேயே குறிப்பு எழுதும் பீல்ட் புக்கில் தொடங்குங்கள். தனியார் சேர்வேயர் ஒருவர் வாழ்நாள் முழுக்க அளந்த குறிப்புகளும் பிளான்களும் அவர் காலத்துக்குப் பிறகு அழியாமல் ஒரு பொது இடத்தில் சேர வேண்டும், அதற்கு அரசு வழி செய்ய வேண்டும் என்று முதல் கோரிக்கையாக எழுதுங்கள். எங்கள் கிணற்றைத் தேடித் தந்த பெரியவர் இப்போது இல்லை. அவருடைய புத்தகங்கள் மகளின் வீட்டில் இரண்டு தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. மாரி தொடங்கினால் அந்த அறை ஒழுகும் என்று அந்த மகள் போன மாதம் சொன்னா. வருவதென்றால் எழுதுங்கள், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.