கே.எச். கருவிக்கு வீட்டிலேயே ரீஏஜென்ட்: பாத்ரூம் ஆசிட் போதுமா?

காட்பாடி வாசகர் ஒருவர் கேட்டிருப்பது இது. வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறார். ஆல்கலினிட்டியை, அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் சக்தியை (சுருக்கமாக கே.எச்.), தானாகவே அளக்கும் கருவி ஒன்றும் மாட்டியிருக்கிறார், அது ஒரு நாளைக்கு நாலு தடவை தண்ணீர் எடுத்துப் பார்த்து, வரும் எண்ணை வைத்து, கே.எச்.சைக் கூட்டும் கரைசலை ஊற்றும் டோசிங் பம்பையும் ஓட்டுகிறது. அளக்க அந்தக் கருவி செலவழிக்கும் திரவமான ரீஏஜென்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம், வந்து சேரவும் நாளாகிறது. "மளிகைக் கடையில் விற்கும் பாத்ரூம் ஆசிட்டை வீட்டு ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து ஊற்றினால் ஆகாதா?" என்கிறார்.

ஆசிட் என்பது சரிதான். ஆனால் அந்த ஆசிட்டும் வேண்டாம், அந்தத் தண்ணீரும் வேண்டாம்.

முதலில் உங்கள் கருவி எந்த வகை என்று பாருங்கள். ஆல்கட்ரானிக், கே.எச். டைரக்டர் மாதிரி உள்ளே பி.எச். புரோப் வைத்து, ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பி.எச். 4.5 பக்கம் இறங்க எவ்வளவு செலவானது என்று கணக்குப் பார்க்கும் வகையென்றால் வீட்டு ரீஏஜென்ட் சாத்தியம். டிரைடென்ட் மாதிரி நிறத்தைப் பார்த்து அளக்கும் வகையென்றால் ஆசிட் மட்டும் போதாது, சாயமும் அதே அளவில் அதே மாதிரி இருக்க வேண்டும், அதில் கை வைக்காதீர்கள்.

புரோப் வகை செய்வது பிளஸ் டூ வேதியியல் லேபில் பியூரெட் பிடித்துச் செய்த அதே வேலைதான். 8 டி.கே.எச். (கே.எச்.சின் அலகு) உள்ள 100 மி.லி. தண்ணீருக்கு என்/10 (0.1 நார்மல் பலம்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2.86 மி.லி. செலவாகும். ரீஏஜென்ட் பலம் கூடினால் குறைவாகவே செலவாகும், அதனால் கருவி கே.எச்.சைக் குறைத்துக் காட்டும், டோசிங் பம்ப் இன்னும் ஊற்றும், தொட்டியில் நிஜ கே.எச். ஏறிக்கொண்டே போய் அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுத்துக் கருகும். பலம் குறைந்தால் இதற்கு நேர் எதிர், எண் கூடுதலாகத் தெரியும், டோஸ் குறையும். இரண்டும் தப்புதான், ஆனால் எனக்கு முதலாவதைக் கண்டால்தான் பயம், ஏனென்றால் நம்ம ஊரில் அது தானாகவே நடக்கும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பாத்ரூம் ஆசிட் ஏன் கூடாது? அந்த மஞ்சள் நிறம் பெரும்பாலும் இரும்பு. பலம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். அதைவிட நல்ல வழி வேலூரிலேயே இருக்கிறது. ஹீமோகுளோபின் பார்க்கும் பழைய சாலி முறைக்கு என்/10 ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் ஊற்றுவார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் லேப் சாமான் விற்கும் கடைகளில் "சாலிக்கு ஊற்றும் என்/10 எச்.சி.எல்." என்று கேட்டுப் பாருங்கள். நீர்த்த அமிலம் என்பதால் புகையாது, கையாளவும் எளிது. எனக்கு இதுதான் முதல் சிபாரிசு.

மொத்தமாகச் செய்தே தீருவேன் என்றால் லேப் தர 35-37 சதவீத அமிலம் வாங்குங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு ஆசிட் வாங்க அடையாள அட்டை கேட்பார்கள், 18 வயதுக்குக் கீழே தரமாட்டார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். 5 லிட்டருக்கு 45 மி.லி. போதும். கணக்குப்படி என்/10-க்கு 41 முதல் 44 மி.லி. தான் ஆகும், வேண்டுமென்றேதான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன், பின்னால் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்வது எளிது, மறுபடி அந்தப் புகை பாட்டிலைத் திறப்பதுதான் தொல்லை. கேனில் முக்கால்வாசி தண்ணீர் இருக்க வேண்டும், அதில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். மொட்டை மாடியில் காற்றோட்டமாக, கண்ணாடியும் கையுறையும் போட்டு, பக்கத்தில் ஒரு டப்பா சோடா உப்பு வைத்துக்கொண்டு செய்யுங்கள், சிந்தினால் அதைத் தூவலாம். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, கலந்தால் குளோரின் வாயு வரும். முக்கியமாக, கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் நம் வீட்டுப் பழக்கம் இதில் வேண்டவே வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் சொல்லவே தேவையில்லை. மூல அமில பாட்டிலைத் தொட்டி ஸ்டாண்டுக்குள் வைத்தால் அதன் புகை விளக்கு டிரைவரையும் மோட்டாரையும் துருப்பிடிக்க வைத்துவிடும், வெளியே வையுங்கள்.

இப்போது தண்ணீர். பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-இல் தீர்ப்பே வந்தது, தெரியும்தானே. அந்தத் தொல்லை இல்லாத தெருவிலும் போர் தண்ணீரில் ஆல்கலினிட்டி இருக்கும். 300 பி.பி.எம். என்று வைத்துக்கொள்வோம், அது உங்கள் என்/10 ஆசிட்டில் நூற்றுக்கு ஆறு பங்கைக் கேனுக்குள்ளேயே தின்றுவிடும், 8 என்பது 8.5 என்று தெரியும். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருந்தால் அங்கேயும் இதே கதைதான், அளவு மட்டும் குறைவு. தொட்டிக்கு உப்பு கலக்க வைத்திருக்கும் டி.ஐ. (அயனிகள் நீக்கிய) தண்ணீர் சரி, டிஸ்டில்டு வாட்டரும் சரி. பேட்டரி வாட்டர் வாங்கினால் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

கலந்தாயிற்று, பலம் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். லேப் தர சோடியம் பைகார்பனேட்டை நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் தராசில் 2.40 கிராம் நிறுத்து, சுத்தத் தண்ணீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்குங்கள், அது 80 டி.கே.எச். அதில் 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்கினால் 8. ஈரம் போகட்டும் என்று பொடியைச் சூடுபடுத்தாதீர்கள், கார்பனேட்டாக மாறிவிடும். இந்த 8 தண்ணீரில் 500 மி.லி. எடுத்து, பி.எச். பேனாவை முக்கி, நன்றாகக் கலக்கிக்கொண்டே உங்களிடம் மிச்சமிருக்கும் கம்பெனி ரீஏஜென்ட்டைச் சொட்டு பாட்டிலிலிருந்து 4.5 வரும் வரை விடுங்கள். விடுவதற்கு முன்னும் பின்னும் பாட்டிலை எடை போட்டுப் பார்த்தால் செலவு தெரியும், சிரிஞ்சில் கோடு பார்ப்பதைவிட இது நம்பகம். 14.3 கிராம் ஆனால் அது என்/10. 28.6 ஆனால் என்/20, அப்படியென்றால் உங்கள் 5 லிட்டருக்கும் ஆசிட் பாதிதான் வேண்டும்.

அப்புறம் புதியதை அதே மாதிரி விடுங்கள். பழையதற்கு 14.3, புதியதற்கு 13.5 என்றால் புதியது ஆறு சதவீதம் பலம் அதிகம், 5 லிட்டருக்கு 300 மி.லி. தண்ணீர் சேர்த்து, குலுக்கி, மறுபடி பாருங்கள். பி.எச். பேனாவையும் கருவியின் புரோப்பையும் பி.எச். 4, 7 பஃபர் கரைசல்களில் அன்றைக்கே காலிபரேட் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இவ்வளவு பாடும் வீண். கடைசிச் சோதனை கருவிக்குள், தொட்டித் தண்ணீரில்: ஒரே வாளித் தண்ணீரைப் பழைய ரீஏஜென்ட்டில் ஒரு தடவை, புதியதில் ஒரு தடவை. உப்புத் தண்ணீரில் புரோப் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

சரி, அந்தப் பயம். கத்திரி வெயிலில் வேலூர் மாடி அறையில் மூடி இடுக்கு வழியாக ரீஏஜென்ட்டிலிருந்து தண்ணீர்தான் ஆவியாகும், இவ்வளவு நீர்த்த அமிலத்தில் ஆசிட் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். பலம் மெதுவாகக் கூடும், கருவி மெதுவாகக் குறைத்துக் காட்டும், பம்ப் மெதுவாகக் கூட்டும், யாருக்கும் தெரியாது. கேனை நிழலில் வையுங்கள், குழாய் போகும் ஓட்டை குழாய்க்குச் சரியாக இருக்கட்டும், கருவிக்குள் ஒரு சின்ன பாட்டில் மட்டும், மீதி இறுக மூடிய கேனில். மாதம் ஒரு தடவையாவது கையால் சோதிக்கும் கே.எச். கிட்டில் பார்த்து ஒப்பிடுங்கள். கருவி தானாக டோஸை மாற்ற ஒரு உச்சவரம்பு வையுங்கள், நாலைந்து சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் கூட்டவிடாதீர்கள்.

மாற்றும்போது பழையதோடு புதியதைக் கலக்க வேண்டாம். குழாயைக் காலி செய்து, புதியதில் பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்டி, முதல் இரண்டு அளவுகளைக் கணக்கில் எடுக்காமல், அதுவரை டோசிங்கைக் கையால் நிறுத்தி வையுங்கள்.