கசியும் ஈர்ப்பு

அன்புள்ள ஐயா,

ஈர்ப்பலைகளை அளந்து, கூடுதல் பரிமாணங்கள் இல்லை என்று நிரூபித்துவிட்டதாகச் சென்ற கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். யாரும் காணாத ஒரு திசை இல்லை என்பதை எப்படி அளப்பது? இருந்தாலும், அது ஒளிக்குத் தெரியாமல் ஈர்ப்புக்கு மட்டும் எப்படித் தெரியும்?

ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள நண்பருக்கு,

கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊரிலிருந்து கேட்கிறீர்கள். மதகில் திறந்த தண்ணீரும் கடைமடையில் வந்து சேர்ந்த தண்ணீரும் எவ்வளவு என்று தெரிந்தால், வழியில் மண்ணுக்குள் இறங்கிய கசிவுநீரைக் காணாமலே கணக்கிட்டுவிடலாம். (அந்தக் கசிவு இழப்பா, தோட்டத்துக் கிணறுகளின் உயிரா என்ற வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை.) ஒளியும் பருப்பொருளும் நம் முப்பரிமாண வெளியைவிட்டு நீங்க முடியாதவை, ஈர்ப்பு மட்டுமே வெளியே கசியக்கூடியது என்று சில கோட்பாடுகள் கருதுகின்றன, சோதனைக்கு உட்பட்டவை அவைதான். ஈர்ப்பலைக்கும் அந்த வாய்க்கால் கணக்குதான்: புறப்பட்டது எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பார்ப்பது.

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (வெடித்த விண்மீன்கள் விட்டுச்செல்லும் மிக அடர்ந்த எச்சங்கள்) ஒன்றையொன்று சுற்றி நெருங்கும்போது எழும் ஈர்ப்பலையின், அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வின், அதிர்வெண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கொண்டே, அது புறப்பட்டபோது இருந்த வலிமையை அறியலாம். இங்கு வந்து சேரும் வீச்சோ தொலைவுக்கு ஏற்பக் குறைந்திருக்கும். இவ்விரண்டிலிருந்தும் தொலைவைக் கணக்கிடலாம் என்று பெர்னார்டு சட்ஸ் என்ற இயற்பியலாளர் 1986இல் எழுதினார். 2017 ஆகஸ்ட் 17 அன்று லைகோ, விர்கோ என்ற ஈர்ப்பலை உணர்கருவிகள் அத்தகைய ஓர் இணைவைப் பதிவு செய்தன, 1.7 நொடி கழித்துக் காமாக் கதிர்களும் வந்தன. தொலைநோக்கிகள் அந்த இடத்தை, ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள என்ஜிசி 4993 என்ற விண்மீன் திரளில் கண்டுபிடித்தன. ஈர்ப்பு கசிந்திருந்தால் அலை மெலிந்து, அது புறப்பட்ட இடம் அந்தத் திரளைவிடத் தொலைவில் இருப்பதாகக் கணக்கு வந்திருக்கும். அப்படி வரவில்லை. 2018இல் வெளியான ஆய்வில், காலத்தையும் சேர்த்துப் பரிமாணங்களின் எண்ணிக்கை 4ஐ ஒட்டியே அமைந்தது.

ஆனால் திரளின் தொலைவு கடன் வாங்கிய எண். அதற்குப் பேரண்டம் விரிவடையும் வீதம் வேண்டும். அதுவோ 67 என்று ஒரு சாராரும் 73 என்று மறு சாராரும் வாதிடும் எண் (ஒரு மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டு, தொலைவுக்கு நொடிக்கு இத்தனை கிலோமீட்டர்). ஆய்வாளர்கள் இரண்டையும் மாறி மாறி வைத்துப் பார்த்தார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. இதே நிகழ்விலிருந்து அந்த வீதத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 70 வருகிறது. அதன் பிழை வரம்போ மேலே 12, கீழே 8 என்று அகலமானது. சுற்றுத்தளம் நம் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பது தெளிவாகத் தெரியாததே அதற்குப் பெரிய காரணம். ஆகவே இதைக் கொண்டு 67ஆ 73ஆ என்ற வழக்கைத் தீர்க்க முடியாது.

'நிரூபித்துவிட்டார்கள்' என்று எழுதியது என் அவசரம். 13 கோடி ஒளியாண்டு வழியில் ஈர்ப்பு கணிசமாகக் கசியவில்லை என்பதே அளக்கப்பட்டது. அணுவைவிடச் சிறிதாகச் சுருண்டு கிடக்கும் பரிமாணங்கள் இருக்குமானால், ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் நீளும் இந்த அலை அவற்றுக்குள் கசிந்து மெலியப்போவதில்லை. அவற்றை இந்தச் சோதனை தொடவே இல்லை.