வீட்டை அடமானம் வைத்து வக்கீல் படிப்பு வேண்டாம்

அம்மா, போன சனிக்கிழமை நீங்களும் மகளும் திண்டுக்கல்லிலிருந்து வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து இதே யோசனைதான். பிளஸ் டூ முடித்த பிள்ளை சட்டம் படிக்கிறேன் என்கிறாள், அதுவும் கிரிமினல் வழக்குதான் நடத்துவேன் என்கிறாள். உங்கள் அண்ணனோ, "பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நேராக ஹைகோர்ட்டில் நிற்கட்டும். பொம்பளைப் பிள்ளைக்குக் கீழ்க்கோர்ட் சரிப்படாது" என்கிறார். அதற்கு வீட்டை அடமானம் வைக்கலாமா என்று கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். வைக்காதீர்கள்.

கீழ்க்கோர்ட்டில் சின்ன வழக்கு, மேல்கோர்ட்டில் பெரிய வழக்கு என்று அண்ணன் நினைக்கிறார். ஒரு கொலை வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றப்பத்திரிகை முதலில் மாஜிஸ்திரேட்டிடம்தான் வரும். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 ஆண்டு வரைதான் சிறைத்தண்டனை கொடுக்கலாம் என்பதால், அவர் குற்றம்சாட்டப்பட்டவருக்கு வழக்கு ஆவணங்களின் நகல்களைக் கொடுத்துவிட்டு வழக்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். அதுவும் ஹைகோர்ட்டுக்குக் கீழே இருக்கும் கோர்ட்தான். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது அங்கேதான். செஷன்ஸ் நீதிபதி மரண தண்டனையே விதிக்கலாம், ஆனால் ஹைகோர்ட் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. ஹைகோர்ட்டுக்கு மேல்முறையீடு போகும்போது சாட்சி யாரும் வரப்போவதில்லை. கீழே பதிவான சாட்சியத்தை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பும் வாதாடும். கீழே குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட கேள்வியை அங்கே போய்க் கேட்க வழி ஏறக்குறைய இல்லை. சாட்சியின் முகத்தை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி என்பதால், அவர் சொன்னதை மேல்கோர்ட்டும் எளிதில் தள்ளிவிடாது.

உங்கள் மகள் என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? பாட்டியின் சங்கிலியைப் பறித்த வழக்கில் பாட்டிக்குத் துணையாக அவளும் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். எதிரி வக்கீல் "தெருவிளக்கு எரிந்ததா?" என்று மூன்று விதமாகக் கேட்டு பாட்டியைக் குழப்பிவிட்டார். அப்புறம் அரசு தரப்பில் ஓர் அம்மா எழுந்து, "விளக்கை விடுங்க பாட்டி, அவன் எவ்வளவு கிட்ட வந்தான்?" என்று கேட்டார். பாட்டி கையை நீட்டி, "இந்தா, இவ்வளவு" என்று காட்டினார். அது எவ்வளவு தூரம் என்று நீதிபதி கணக்கிட்டுச் சொல்லிப் பதிவு செய்யவைத்தார். இதைச் சொல்லும்போது உங்கள் மகளும் கையை நீட்டிக் காட்டினாள். நீங்கள் அப்போது அண்ணனோடு போனில் இருந்தீர்கள்.

அவள் பார்த்தது ஏ.பி.பி., அதாவது அரசு உதவி வழக்கு நடத்துநர். கிளாட் என்ற நுழைவுத்தேர்வு, அதை எழுதிச் சேரும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம், கம்பெனி வேலை எல்லாம் உங்கள் சொந்தக்காரர்களே சொல்லிவிட்டார்கள், நான் அதில் போகவில்லை. இந்த வேலையை யாரும் சொல்லவில்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அரசுக்காக வழக்கு நடத்துவது இவர்கள்தான். காலையில் வழக்குக் கட்டைப் பிரித்துக் குற்றப்பத்திரிகையைப் படிக்க வேண்டும், ஜாமீன் மனு வந்தால் அரசின் பக்கத்தைச் சொல்ல வேண்டும், அரசு தரப்பு சாட்சியே முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ்ந்தால் நீதிபதியின் அனுமதி வாங்கித் தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இவர்கள் போலீஸுக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் அல்ல. தமிழ்நாட்டில் கீழ்க்கோர்ட்டின் மொழி தமிழ் என்பதால், ஊர்ப் பேச்சு புரிந்த பிள்ளைக்கு இங்கே தனி பலம் உண்டு. ஹைகோர்ட்டில் எல்லாம் ஆங்கிலம்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதித்தான் இதற்குப் போக வேண்டும். சட்டப் பட்டத்தோடு, கிரிமினல் கோர்ட்டில் 5 ஆண்டு தொழில் செய்திருக்க வேண்டும். அறிவிப்பு வருடாவருடம் வராது, அதனால் காத்திருக்கவும் தெரிய வேண்டும். நடுவில் இன்னொரு கதவும் உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழு, வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம்சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேர வக்கீல்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறது. அதில் உதவி வக்கீல் இடம் 3 ஆண்டு வரை அனுபவம் உள்ள இளையவர்களுக்குத்தான். மாதா மாதம் மதிப்பூதியம் உண்டு, வெளியே வழக்கு எடுக்க முடியாது. குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பில் நின்று பழகியவள் பின்னாளில் நல்ல ஏ.பி.பி. ஆவாள் என்பது என் எண்ணம். நீதிபதி ஆக ஆசை வந்தாலும் இதே பாதைதான். சிவில் நீதிபதி தேர்வுக்கு 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்போது பணம். ஜூனியராக இருக்கும் முதல் மூன்று நான்கு வருடம் கையில் பெரிதாக எதுவும் நிற்காது. பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் வந்தாலே அது நல்ல சீனியர். அந்த நேரத்தில் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டியிருந்தால், பிள்ளை கோர்ட்டை விட்டுவிட்டு எந்த ஆபீஸ் சம்பளம் கிடைக்கிறதோ அதற்குப் போய்விடுவாள். லட்சக்கணக்கில் செலவழித்து அவள் ஆசையையே விலைக்கு விற்றதாகிவிடும். மதுரையிலும் தேனியிலும் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, ஐந்தாண்டுப் படிப்புக்கு அங்கே போடுங்கள். வக்கீலாகப் பதிவு செய்யும் கட்டணமும் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று 2024-இல் தீர்ப்பே வந்துவிட்டது. ஹைகோர்ட்தான் வேண்டுமென்றால் அதற்கும் சென்னை எதற்கு? உங்கள் மாவட்டத்துக்கு 2004-லிருந்து மதுரைக் கிளைதான்.

அண்ணன் படிப்புக்குப் பணம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், எந்தக் கோர்ட் என்று அவர் முடிவு செய்ய வேண்டாம். விசாரணையை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த வாரம் ஒருநாள் பத்தரை மணிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போங்கள், பின் பெஞ்சில் உட்காருங்கள். பார்த்துவிட்டு மூன்று பேருமாக வாருங்கள். விண்ணப்பத்தை அன்றைக்கே நிரப்பிவிடலாம்.